யானை எங்கே போனது? தூரத்தை அளந்து தரவை வடிகட்டும் கதை

2025ஆம் ஆண்டு மே மாதம் 11ஆம் நாள், அன்னையர் தினம். பொழுது விடியுமுன் கெரிக்–ஜெலி நெடுஞ்சாலையில் ஒரு யானைக்குட்டி லோரியில் அடிபட்டு இறந்தது. குட்டி லோரிக்கு அடியில் கிடக்க, தாய் யானை அவ்விடத்தை விட்டு அகலாமல் லோரியின் மீது தலையை முட்டிக்கொண்டு நின்ற காட்சியை நம்மில் பலரும் கைப்பேசியில் பார்த்திருப்போம். பார்த்துக் கண் கலங்கியும் இருப்போம்.

எங்கள் வீட்டில் அந்தக் காணொளியை அப்பா இரண்டாவது முறை பார்க்கவில்லை. அவர் பட்டர்வொர்த்திலிருந்து கோத்தா பாருவுக்குச் சரக்கு லோரி ஓட்டுபவர். வாரத்தில் இரண்டு இரவுகள் அந்தச் சாலையில்தான் இருப்பார். அன்று விடுப்பில் வீட்டில் இருந்தார். "யானை மேல தப்பு இல்ல, டிரைவர் மேலயும் தப்பு இல்லம்மா. எந்த வளைவுல யானை நிக்கும்னு யாருக்குத் தெரியும்?" என்று மட்டும் சொன்னார்.

அப்பா கேட்ட கேள்விக்கு விடை தேடுபவர்கள் இருக்கிறார்கள். யானையின் கழுத்தில் புவியிடங்காட்டி பொருத்திய பட்டையை மாட்டி, அது போகும் வழியைப் பதிவு செய்து, கணினியில் ஆராய்கிறார்கள். ஆனால், பட்டை அனுப்பும் தரவை அப்படியே நம்பிவிட முடியாது. அதில் யானை போகாத இடங்களும் கலந்திருக்கும். கெலுகோர் வளாகத்தில் என் இறுதியாண்டுப் பயிற்சிக்காக இத்தகைய தரவை வடிகட்டக் கற்றுக்கொண்டேன். கற்கும்போது ஒரு பெரிய தவறும் செய்தேன். அந்தத் தவறு வழியாகவே இதனை விளக்குவது எளிது என்று நினைக்கிறேன். உயிரியல் படிக்காத நண்பர்களும் தொடர்ந்து படிக்கலாம். பெருக்கல், வகுத்தல் தெரிந்தால் போதும்.

கழுத்துப்பட்டை தரும் தரவு

நம் நாட்டில் யானைகளுக்குச் செயற்கைக்கோள் பட்டை மாட்டுவது புதியதன்று. 1990களிலேயே, தோட்டங்களில் பிடித்துக் காட்டுக்கு இடம் மாற்றப்பட்ட யானைகளுக்குப் பட்டை மாட்டிப் பின்தொடர்ந்தார்கள். அந்த முயற்சி பற்றிய ஆய்வுக் கட்டுரை 1998இல் வெளிவந்தது. பின்னர் 2011இல், நோட்டிங்காம் பல்கலைக்கழகத்தின் மலேசிய வளாகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் மலேசிய யானைகளின் மேலாண்மை, சூழலியல் பற்றிய ஆய்வுத் திட்டத்தைத் தொடங்கினார்கள். பெர்ஹிலித்தான் எனப்படும் வனவிலங்கு, தேசியப் பூங்காத் துறை அவர்களோடு கைகோத்தது.

பட்டை தரும் தரவு மிக எளியது. ஒவ்வொரு வரியிலும் நான்கு செய்திகள் இருக்கும்: யானையின் அடையாள எண், நாளும் நேரமும், அட்சரேகை, தீர்க்கரேகை. குறிப்பிட்ட இடைவெளிக்கு ஒரு வரி வீதம் ஆண்டுக்கு ஆயிரக்கணக்கான வரிகள் சேரும்.

அடர்ந்த காட்டில் கோளாறு தொடங்குகிறது. மரக்கூரை வானத்தை மறைக்கும். மலைச்சரிவில் பட்டுச் சமிக்ஞை திரும்பும். அப்போது பட்டை சில நேரம் இடத்தைப் பதிவு செய்யாமல் விட்டுவிடும். சில நேரம் தவறான இடத்தைப் பதிவு செய்துவிடும். யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். யானையைப் பார்த்துக்கொண்டிருக்கும் செயற்கைக்கோளுக்கும் சறுக்கும்!

அப்பாவின் லோரி கடலில் மிதந்த கதை

இந்தச் சறுக்கலை நான் முதலில் அறிந்தது வகுப்பறையில் அன்று, எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில்தான். அப்பாவின் லோரியிலும் இடங்காட்டிக் கருவி உண்டு. ஒரு நாள் அவர் வேலை செய்த நிறுவனத்திலிருந்து அழைத்து, "வழியை விட்டு எங்கே போனீர்கள்? எண்ணெய்க் கணக்கு யார் கொடுப்பது?" என்று கேட்டார்கள். லோரி பிறையில் சரக்கு இறக்கிக்கொண்டிருந்தது. கருவியோ அதை ஜெரெஜாக் தீவுக்குப் பக்கத்தில், கடலுக்குள் காட்டியது.

பதிவில் மூன்று வரிகள்: 10.10க்குப் பிறை, 10.12க்கு 9 கிலோமீட்டர் தள்ளிக் கடல், 10.14க்கு மீண்டும் பிறை. இரண்டு நிமிடத்தில் 9 கிலோமீட்டர் என்றால் மணிக்கு 270 கிலோமீட்டர் வேகம். எந்தச் சரக்கு லோரி அந்த வேகத்தில் போகும்? அதுவும் தண்ணீரில்? ஒரே ஒரு வகுத்தல் கணக்குப் போட்டிருந்தால் அந்தத் தொலைபேசி அழைப்பே வந்திருக்காது. அன்று அப்பா தன் நேர்மைக்குச் சாட்சி தேடி ஒரு மாலைப்பொழுதைக் கழித்தார்.

தரவை வடிகட்டுதல் என்பதன் சாரம் இவ்வளவுதான். இரண்டு புள்ளிகளுக்கு இடையிலுள்ள தூரத்தைக் கண்டுபிடி. அதை நேரத்தால் வகு. வரும் வேகம் அந்த உயிருக்கோ வண்டிக்கோ இயலுமா என்று கேள்.

பாகையைக் கிலோமீட்டராக்குதல்

அட்சரேகையும் தீர்க்கரேகையும் பாகையில் இருக்கின்றன. நமக்கு வேண்டியது கிலோமீட்டர். ஓர் அட்சரேகைப் பாகை எங்கும் ஏறக்குறைய 111 கிலோமீட்டர். தீர்க்கரேகைப் பாகை அப்படியில்லை. நிலநடுக்கோட்டில் அதுவும் 111 கிலோமீட்டர். வடக்கே போகப் போகச் சுருங்கி, துருவத்தில் சுழியமாகிவிடும். பினாங்கு நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஐந்தரைப் பாகையில்தான் இருக்கிறது. ஆகவே இங்கு ஒரு தீர்க்கரேகைப் பாகை ஏறக்குறைய 110.8 கிலோமீட்டர். ஜப்பானின் சப்போரோவிலோ அது 81 கிலோமீட்டர்தான். பினாங்கு மாணவன் இரண்டையும் ஒன்றாக எண்ணிக் கணக்குப் போட்டாலும் பிழை தெரியாது. அதே பழக்கத்தோடு ஜப்பானியப் பறவையின் தரவைத் தொட்டால் மாட்டிக்கொள்வான்.

இதற்கான முறையான சூத்திரத்தின் பெயர் ஹாவர்சைன். பூமியை 6,371 கிலோமீட்டர் ஆரமுள்ள உருண்டையாகக் கொண்டு, அதன் வளைந்த பரப்பின் மேல் இரு புள்ளிகளுக்கு இடையிலான குறுகிய தூரத்தை அது தரும். கப்பலோட்டிகள் அட்டவணை வைத்துப் பயன்படுத்திய கணக்கு இது. இதற்கு அடிப்படையான வெர்சைன் அளவை நம் பழைய வானியல் நூலான சூரிய சித்தாந்தம் 'உத்கிரம ஜ்யா' என்ற பெயரில் பட்டியலிட்டிருக்கிறது. பூமி சரியான உருண்டை அல்ல என்பதால் விடையில் அரை விழுக்காடு வரை பிழை வரலாம். யானையின் ஒரு நாள் நடைக்கு அது பொருட்டன்று.

இதையெல்லாம் கையால் போட வேண்டியதில்லை. 'ஆர்' என்ற புள்ளியியல் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாக்கா, ராபர்ட் ஜென்டில்மேன் இருவரும் தொடங்கிய இதன் முதல் முழுப்பதிப்பு 2000ஆம் ஆண்டு பிப்ரவரி 29இல் வெளிவந்தது. அதில் 'ஜியோஸ்பியர்' என்ற தொகுப்பை நிறுவிக்கொண்டால் ஹாவர்சைன் கட்டளை தயாராக இருக்கும். நம் வளாகத்தை 5.36, 100.30 என்றும் கொம்தாரை 5.41, 100.33 என்றும் கொடுத்தால் ஏறக்குறைய ஆறரை கிலோமீட்டர் என்று விடை வரும்.

இங்கே மூன்று எச்சரிக்கைகள் உண்டு.

முதலாவது, இந்தத் தொகுப்பு தீர்க்கரேகையை முதலிலும் அட்சரேகையை இரண்டாவதாகவும் எதிர்பார்க்கும். நாம் பேச்சில் சொல்வதற்கு நேர்மாறு. பினாங்குத் தரவை மாற்றிப் போட்டால் 100 பாகை அட்சரேகை என்பதே கிடையாது என்பதால் மென்பொருள் மறுத்துவிடும். சென்னைத் தரவை மாற்றிப் போட்டாலோ மறுக்காது. 13 வடக்கு, 80 கிழக்கு என்பது 80 வடக்கு, 13 கிழக்காகி, ஆர்க்டிக்கில் ஸ்வால்பார்டு தீவுப் பக்கம் போய் நிற்கும். பிழைச் செய்தி வராத பிழைதான் ஆபத்தானது.

இரண்டாவது, தசமத்தை வெட்டக்கூடாது. இரண்டு தசம இடம் என்பது ஏறக்குறைய 1.1 கிலோமீட்டர், நான்கு இடம் என்பது 11 மீட்டர். மேலே நான் கொம்தாருக்குச் சொன்ன கணக்கிலேயே அரை கிலோமீட்டருக்கு மேல் பிழை இருக்கக்கூடும்.

மூன்றாவது, பல பட்டைகள் உலகப் பொது நேரத்தைப் பதிவு செய்கின்றன. நம் நேரம் அதற்கு 8 மணி முந்தியது. மாற்ற மறந்தால் இரவு 10 மணிக்குச் சாலையைக் கடந்த யானை பகல் 2 மணிக்குக் கடந்ததாகிவிடும்.

நான் செய்த தவறு

விரிவுரையாளர் பயிற்சிக்குக் கொடுத்த கோப்பில், முந்திய புள்ளியிலிருந்து 5 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருந்த புள்ளிகளையெல்லாம் நீக்கச் சொல்லி ஒரே கட்டளை எழுதினேன். படம் அழகாக வந்தது. புள்ளிகள் நெருக்கமாக ஓரிடத்தில் குவிந்திருந்தன. மகிழ்ச்சியோடு கொண்டுபோய்க் காட்டினேன். அவர் பார்த்துவிட்டு, "இந்த யானை வேலிக்குள் வளர்ந்ததா?" என்று கேட்டார்.

என்ன நடந்தது என்பதை ஒரு சிறிய எடுத்துக்காட்டால் விளக்குகிறேன். பட்டை 2 மணிக்கு ஒரு முறை பதிவு செய்வதாகக் கொள்வோம்.

புள்ளி 1: இரவு மணி 8. தொடக்கம்.
புள்ளி 2: இரவு மணி 10. முந்திய புள்ளியிலிருந்து 1.1 கிலோமீட்டர்.
புள்ளி 3: நள்ளிரவு 12. முந்தியதிலிருந்து 38 கிலோமீட்டர்.
புள்ளி 4: அதிகாலை 2. முந்தியதிலிருந்து 38.4 கிலோமீட்டர்.
அதிகாலை 4, காலை 6 ஆகிய இரண்டு நேரங்களுக்கும் பதிவில்லை.
புள்ளி 5: காலை மணி 8. முந்தியதிலிருந்து 6.2 கிலோமீட்டர்.

என் கட்டளை 3, 4, 5 ஆகிய மூன்று புள்ளிகளையும் நீக்கியது. உண்மையில் குற்றவாளி ஒருவன்தான். புள்ளி 3 தவறான பதிவு. அப்பாவின் லோரி கடலில் மிதந்ததைப் போல, போன வேகத்தில் திரும்பி வந்த பொய்யான துள்ளல். புள்ளி 4 செய்த பாவம், அந்தப் பொய்ப் புள்ளிக்கு அடுத்து வந்தது மட்டுமே. புள்ளி 3ஐ எடுத்துவிட்டு 2க்கும் 4க்கும் இடையே மீண்டும் அளந்தால் 4 மணி நேரத்தில் வெறும் 0.9 கிலோமீட்டர். புள்ளி 5 இன்னும் நிரபராதி. 6.2 கிலோமீட்டர் பெரிதாகத் தெரிந்தது, இடையில் இரண்டு பதிவுகள் விடுபட்டதால்தான். 6 மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு ஒரு கிலோமீட்டர் சொச்சம். யானையின் சாதாரண நடைதான் அது.

ஆகவே, தூரத்தை மட்டும் வைத்து வடிகட்டக்கூடாது. வேகத்தை வைத்து வடிகட்ட வேண்டும். ஒரு புள்ளியை நீக்கியதும் மீதியை மறுபடி அளக்க வேண்டும். இனி நீக்க எதுவும் இல்லை என்று ஆகும்வரை இதைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும்.

எந்த வேகத்தை வரம்பாக வைப்பது? 2003இல் தாய்லாந்து யானைகளை ஓடவிட்டு அளந்த ஓர் ஆய்வு, அவை மணிக்கு ஏறக்குறைய 25 கிலோமீட்டர் வேகத்தை எட்டும் என்று காட்டியது. அதையே வரம்பாக வைத்தால் என் எடுத்துக்காட்டின் பொய்ப் புள்ளி தப்பித்துவிடும்! 2 மணியில் 38 கிலோமீட்டர் என்பது மணிக்கு 19 கிலோமீட்டர்தானே. 25 என்பது சில விநாடி ஓட்டத்தின் வேகம். இரண்டு மணி நேரம் தொடர்ந்து எந்த யானையும் 19 கிலோமீட்டர் வேகத்தில் காட்டுக்குள் ஓடாது. பதிவு இடைவெளிக்குத் தக்க வரம்பை விலங்கை அறிந்துதான் வைக்க முடியும். மென்பொருளுக்கு யானையைத் தெரியாது.

தொலைவில் இருப்பதெல்லாம் பொய்யன்று

இன்னொரு வகை வடிகட்டலும் உண்டு. ஓர் இடத்தை நடுப்புள்ளியாக வைத்து, அதிலிருந்து இத்தனை கிலோமீட்டருக்குள் இருப்பதை மட்டும் வைத்துக்கொள்வது. யானைக்கு மாட்டுவதற்கு முன் பட்டையை நகரத்தில் வைத்துச் சோதித்திருப்பார்கள். அந்தப் பதிவுகளும் கோப்பில் இருக்கும். அவற்றை எடுக்க இம்முறை கைகொடுக்கும். ஆனால், கவனமின்றிப் பயன்படுத்தினால் கண்டுபிடிப்பையே குப்பையில் போட்டுவிடுவோம்.

இலங்கையில் நடந்ததைப் பாருங்கள். ஊருக்குள் வந்து தொல்லை தந்த 12 யானைகளைப் பிடித்து, பட்டை மாட்டி, தேசியப் பூங்காக்களில் கொண்டுபோய் விட்டார்கள். பிருதிவிராஜ் பெர்னாண்டோ குழுவினர் 2012இல் வெளியிட்ட ஆய்வு அவற்றின் கதையைச் சொல்கிறது. இரண்டு யானைகள் விட்ட பூங்காவிற்குள்ளேயே கொல்லப்பட்டன. மற்ற எல்லாமே பூங்காவை விட்டு வெளியேறிவிட்டன. சில பிடித்த இடத்துக்கே திரும்பின. சில ஊர் ஊராக அலைந்தன. சில புதிய இடத்தில் தங்கின. இந்தத் தரவில் 'விட்ட இடத்திலிருந்து 30 கிலோமீட்டருக்கு மேல் இருந்தால் பிழை' என்று ஒருவர் கட்டளை எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? வீடு தேடி நடந்த யானைகள் எல்லாம் பூங்காவிலேயே இருந்ததாகப் படம் வந்திருக்கும். இடமாற்றம் வெற்றி என்று அறிக்கையும் வந்திருக்கும். மலேசியாவிலும் 1974 முதல் யானைகளை இடம் மாற்றி வருகிறார்கள் என்பதால் இது நமக்கும் அயலார் கதையன்று.

பொய்ப் புள்ளியையும் நெடும்பயணத்தையும் பிரித்தறிய ஒரு வழி இருக்கிறது. பொய்ப் புள்ளி பெரும்பாலும் தனியாக இருக்கும். ஒரே துள்ளலில் போய் ஒரே துள்ளலில் திரும்பும். பயணமோ அடுத்தடுத்த பல புள்ளிகளாக, நடக்கக்கூடிய வேகத்தில், ஒரு திசையில் நீளும்.

சாலையின் இருபுறமும்

இனி அப்பாவின் கேள்விக்கு வருவோம். கெரிக்–ஜெலி நெடுஞ்சாலை பெலும்–தெமெங்கோர் காட்டை இரண்டாகப் பிரிக்கிறது. அங்கு 17 யானைகளைப் பின்தொடர்ந்த ஆய்வு 2018இல் வெளிவந்தது. ஒரு யானை மாதத்திற்குச் சராசரியாக ஏறக்குறைய 4 முறைதான் சாலையைக் கடந்தது. கடந்தவற்றுள் 81 விழுக்காடு இரவில். கடக்கும் இடங்கள் சாலை நெடுகச் சீராகப் பரவியிருக்கவில்லை. சில பகுதிகளில் மிகுந்திருந்தன. சாலை ஒரு சுவரைப் போல் நின்று யானைகளின் நடமாட்டத்தை 80 விழுக்காடு அளவுக்குத் தடுத்தது. ஆனாலும் சாலையோரத் திறந்தவெளியும் இளங்காடும் அவற்றை ஈர்த்தன.

இந்த எண்களைப் பார்த்த பிறகுதான் வடிகட்டலின் கனம் எனக்குப் புரிந்தது. மாதத்திற்கு 4 முறை என்பது மிகச் சிறிய எண். சாலையோரத்தில் நின்று புல் மேயும் யானையை எண்ணிப் பாருங்கள். பட்டையின் இருபது முப்பது மீட்டர் பிழையால் அதன் புள்ளிகள் ஒரு முறை சாலைக்கு இப்பக்கமும் மறு முறை அப்பக்கமும் விழலாம். யானை நகரவே இல்லை. கணினியோ இரண்டு மூன்று முறை கடந்ததாக எண்ணும். ஒரே இரவின் பிழை ஒரு மாதத்துக் கணக்கை ஏறக்குறைய இரட்டிப்பாக்கிவிடும். இங்கே வேக வரம்பு உதவாது. துள்ளல் அவ்வளவு சிறியது. சாலையிலிருந்து குறைந்தது இத்தனை மீட்டர் தள்ளி இருபுறமும் புள்ளிகள் விழுந்தால்தான் கடந்ததாகக் கொள்வேன் என்று வேறொரு தூர விதி வேண்டும்.

மறுபுறம், கடக்கும்போது யானை விரைந்து நடந்தால், அளவுக்கு மீறி இறுக்கமான வரம்பு உண்மையாகக் கடந்ததையே நீக்கிவிடக்கூடும். பொய்யைச் சேர்த்தால் யானை வராத இடத்தில் எச்சரிக்கைப் பலகை நிற்கும். உண்மையை நீக்கினால் யானை வரும் வளைவில் பலகை இருக்காது. பகாங்கின் சுங்கை யூவில் விலங்குகள் அடியில் கடந்து போகச் சாலையைத் தூண்கள் மேல் உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள். அத்தகைய பாலத்தை எங்கே கட்டுவது என்று முடிவு செய்யும்போதும் இத்தகைய புள்ளிகள்தான் சாட்சி.

தம்பி தங்கைகளுக்கு

இத்துறைக்கு வரும் இளையோருக்கு என் அனுபவத்திலிருந்து சில வார்த்தைகள். மூலக் கோப்பை ஒருபோதும் தொடாதீர்கள். படி எடுத்து வேலை செய்யுங்கள். ஐயமான புள்ளியை அழிக்காமல், அதன் பக்கத்தில் 'ஐயம்' என்று குறியிடுங்கள். ஜெர்மனியின் மேக்ஸ் பிளாங்க் நிறுவனம் நடத்தும் 'மூவ்பேங்க்' என்ற விலங்குப் பயணத் தரவகத்திலும், விலகிய புள்ளிகளை அழிக்காமல் குறியிட்டு வைக்க வசதி இருக்கிறது. எந்த வரம்பை ஏன் வைத்தீர்கள், எத்தனை புள்ளிகளை விலக்கினீர்கள் என்பதை ஆய்வேட்டில் எழுதுங்கள். வரம்பைச் சற்றுக் கூட்டியும் குறைத்தும் பாருங்கள். அதனால் முடிவே தலைகீழாக மாறினால், அது யானையின் முடிவன்று. உங்கள் வரம்பின் முடிவு.

என் பாட்டி முறத்தில் அரிசி புடைக்கும்போது கல்லைப் பொறுக்கி உடனே எறியமாட்டார். உள்ளங்கையில் வைத்து ஒரு முறை பார்ப்பார். சில நேரம் அது கல்லாக இராது. உமி நீங்காத நெல்லாக இருக்கும். அதை மறுபடி முறத்திலேயே போடுவார். ஆறாண்டுத் தமிழ்ப்பள்ளியும், பின் தேசியப் பள்ளியும், பல்கலைக்கழகமும் கடந்து வந்த நான், அந்த ஒரு பார்வையைக் கற்க ஒரு பயிற்சியில் தோற்க வேண்டியிருந்தது.

திருத்திய படத்தை அப்பாவிடம் காட்டினேன். அது பயிற்சிக் கோப்புதான். அவர் ஓட்டும் சாலையின் தரவு அன்று. இருந்தாலும் நெடுநேரம் பார்த்தார். பிறகு, "அந்த ரோட்டுக்கும் இப்படி ஒன்னு போட்டுக் கொடும்மா, லோரியில ஒட்டி வச்சுக்கிறேன்" என்றார்.

இரவில் அந்தச் சாலையில் போகும் ஒவ்வொரு லோரியிலும் ஒருவருடைய அப்பா இருக்கிறார். சாலையோரப் புல்வெளியில் ஒரு குட்டியின் தாய் நிற்கிறாள். நாம் நீக்கும் புள்ளியிலும் விட்டுவைக்கும் புள்ளியிலும் இருவருக்குமே பங்கு உண்டு.